மூடுபனியில் மூன்று வருடம்: என் பழைய கெனன் 1300டியும் நானும்

இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒருவரிடம் பழையதாக, 18-55 மி.மீ. ஸூம் லென்ஸோடு சேர்த்து வாங்கிய கெமரா இது. மூன்று வருடம் ஆகிவிட்டது. 2016இல் வந்த மொடல் என்பதால் அம்சங்களைப் பட்டியல் போடப் போவதில்லை. எக்ஸ்போஷர், அதாவது படத்துக்குள் எவ்வளவு வெளிச்சம் விடுவது என்பதை இதில்தான் படித்தேன், அந்தக் கதைதான் இது.

முதல் ஆறு மாதம், எல்லாவற்றையும் கெமராவே முடிவுசெய்யும் முழு ஓட்டோ மோடில் ஓட்டினேன். வெயிலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் தலவாக்கலைப் பக்கம் வெயிலை நம்பியா கெமரா வாங்குவது? மலையில் பனி இறங்கிய காலையில் எதை எடுத்தாலும் அடுப்புச் சாம்பல் நிறம். கொழுந்து நிறுக்க வந்த அக்கா ஒருவரை எடுத்து அவரிடமே காட்டினேன். தோளில் வெள்ளைச் சாக்கு, பின்னால் பனி. திரையை உற்றுப் பார்த்தவர், “என்னா தம்பி, சாக்கு நல்லாத் தெரியுது, என்னயக் காணோமே?” என்றார். நிறுவைக்கு நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. கெமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு, முன்னால் நிற்பது பனியா, பாறையா என்று தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக் கணக்குப் போடும். படம் நிறைய வெள்ளைப் பனி இருந்தால் வெளிச்சம் கூடிவிட்டதென்று குறைத்துவிடும். முகம் கறுத்துப்போகும். மருந்து எளிது: லென்ஸ் துவாரத்தை நாம் வைக்க, மீதியைக் கெமரா பார்த்துக்கொள்ளும் ஏவி மோடில் பிளஸ்-மைனஸ் பொத்தானை அழுத்திக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றி +1 வைத்தால் வெளிச்சம் இரட்டிப்பாகும். முழு ஓட்டோவில் இதைச் செய்ய முடியாது. நான் ஓட்டோவை விட்டதே இதற்காகத்தான்.

மாசியில், மலையகத்தில் இரவில் ஆடும் காமன் கூத்தை எடுக்கப் போனபோது கதை தலைகீழ். சுற்றிலும் கும்மிருட்டு, நடுவில் ஒப்பனை போட்ட முகங்கள். இருட்டைச் சாம்பலாக்கப் பார்த்த மீட்டர் முகங்களைச் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுக்க வைத்தது. −1 போட்டதும் சரியானது. வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/60 செகண்ட். ஷட்டர் அதைவிட மெதுவானால் ஆடும் கால்கள் கலங்கிவிடும். ஐஎஸ்ஓ 6400இல் படம் ரவை கொட்டியதுபோல் இருக்கும். இந்த லென்ஸின் துவாரம் 18இல் எஃப் 3.5 வரை திறக்கும், 55க்கு இழுத்தால் 5.6தான் (எஃப் எண் கூடினால் துவாரம் சிறிது). வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். அதனால் இரவில் ஸூம் பண்ணுவதில்லை, நடந்து கிட்டே போய்விடுகிறேன்.

டெவன் நீர்வீழ்ச்சியைப் பஞ்சுபோல எடுக்க ஆசைப்பட்டேன். அதற்கு ஷட்டர் மெதுவாக இருக்க வேண்டும். மத்தியானம் போய், வெளிச்சம் கூடி, வெறும் வெள்ளையோடு திரும்பினேன். விடியற்காலையில் முக்காலியில் வைத்து எஃப் 22, ஐஎஸ்ஓ 100, கால் செகண்ட். வந்தது.

குறைகளும் உண்டு. சக்கரம் ஒன்றே ஒன்று. எல்லாவற்றையும் நாமே வைக்கும் முழு மெனுவலில் அப்பர்ச்சரை (லென்ஸ் துவாரத்தை) மாற்ற இன்னொரு பொத்தானையும் அழுத்திப் பிடிக்க வேண்டும், குளிரில் விறைத்த விரலுக்கு அது தண்டனை. குளிரில் பெட்டரியும் சீக்கிரம் படுத்துவிடும், ஒன்றைச் சட்டைப் பைக்குள் சூடாக வைத்திருப்பேன். அலுமாரியில் வைத்த லென்ஸில் பூஞ்சணம் பிடித்தது என் தவறு. இப்போது சிலிக்கா ஜெல் பைகளோடு மூடி இறுகிய டப்பாவில்தான் அதற்குக் குடித்தனம்.

போன மாதம் அதே அக்காவைப் பனியில் மறுபடி எடுத்தேன். இந்த முறை தாராளமாக +2. முகம் பளிச்சென்று வந்திருந்தது, மூக்குத்தி முதற்கொண்டு. திரையைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: “இப்ப சாக்கக் காணோமே தம்பி?”