பார்ட்டிசிபேஷன் ஸ்கேல்: வீடு வீடாகக் கேட்டுப் பார்த்த பிறகு

மாற்றுத்திறனாளிகளைப் பற்றி எடுக்கும் கணக்கெடுப்புகளில் பல 'நடக்க முடியுமா, குளிக்க முடியுமா' என்பதோடு நின்றுவிடுகின்றன. வாசலைத் தாண்டினால் அவர்களுக்கு என்ன இடம் கிடைக்கிறது என்று கேட்பவை கொஞ்சம்தான். அவற்றில் என் கைக்குப் பழகியது பார்ட்டிசிபேஷன் ஸ்கேல், அதாவது குடும்பத்திலும் ஊரிலும் ஒருவரின் பங்கேற்புக்கு எவ்வளவு தடை இருக்கிறது என்று அளக்கும் கேள்வித்தாள். மறுவாழ்வுப் பணிக்காக வீடுவீடாகப் போய்க் கேள்வி கேட்பது என் வேலை. முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து நானும் சக்கர நாற்காலியில்தான் இருக்கிறேன், அதனால் பதில் சொல்கிறவர் பக்கமும் எனக்குத் தெரியும்.

இதை இந்தியா, நேபாளம், பிரேசில் ஆகிய நாடுகளில் உருவாக்கி 2006-இல் வெளியிட்டார்கள். தொழுநோய் கண்டவர்களை மனதில் வைத்துத் தொடங்கியது என்பது கேள்விகளிலேயே தெரியும். வீட்டில் நீங்கள் புழங்கும் தட்டு, தம்ளரை மற்றவர்களுடையதோடு சேர்த்துத்தான் வைக்கிறார்களா என்று ஒரு கேள்வி. ஒதுக்கப்பட்டவர்களோடு பழகியவர்களுக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும்.

மொத்தம் 18 கேள்விகள். ஒவ்வொன்றிலும் உங்களைப் போன்ற வயது, வசதி உள்ள, குறைபாடு இல்லாத ஒருவரோடு உங்களை ஒப்பிடச் சொல்லும். 'இல்லை' அல்லது 'சில சமயம்' என்றால், அது உங்களுக்கு எவ்வளவு பெரிய பிரச்சினை என்று அடுத்துக் கேட்கும். பிரச்சினையே இல்லை என்றால் 1, பெரிய பிரச்சினை என்றால் 5; மதிப்பெண் கூடக் கூடத் தடை அதிகம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த இரண்டாவது கேள்விதான். மூளையில் அடிபட்டவர்களுக்கென்று வந்த சிஐக்யூ கேள்வித்தாளில் மதிப்பெண் கூடினால்தான் நல்லது; மளிகை வாங்கத் தனியாகப் போனால் 2, துணையோடு போனால் 1. நானும் தங்கையும் சேர்ந்து கடைக்குப் போவதுதான் எனக்குச் சந்தோஷம். அதற்கு ஏன் மதிப்பெண் குறைய வேண்டும்? உலக சுகாதார நிறுவனத்தின் ஹூடாஸ் 2.0 என்ற கேள்வித்தாளில் 36 கேள்விகள், அதில் பங்கேற்புக்கு 8. ஆனால் குடும்பத்தின் பணச்சுமையும் அந்த எட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

குறைக்கு வருகிறேன். 'எனக்கு விருப்பமில்லை, தேவையில்லை' என்று பதில் சொன்னால் இங்கே 0. ஒரு அக்காவிடம் விசேஷங்களுக்குப் போவதைப் பற்றிக் கேட்டேன். "எனக்கு எதுக்கும்மா அதெல்லாம்" என்றார். பேசப் பேசத்தான் தெரிந்தது, முன்பு ஒன்றுவிடாமல் போய்க்கொண்டிருந்தவர். ஒரு கல்யாணத்தில் போட்டோ எடுக்கும்போது அவர் நாற்காலியைத் தள்ளி ஓரமாக விட்டுவிட்டார்கள், அதோடு நிறுத்திவிட்டார். தாளின்படி அவருக்கு அந்த இடத்தில் ஒரு தடையும் இல்லை. விரும்பாமல் இருப்பதும், பட்டுப் பட்டு ஆசையை விட்டுவிடுவதும் ஒன்றா? இப்போதெல்லாம் இந்தப் பதில் வந்தால் 'முன்னாடி போவீங்களா?' என்று கேட்டு ஓரத்தில் எழுதி வைக்கிறேன். மதிப்பெண்ணில் கை வைப்பதில்லை.

இன்னொன்று, யார் முன்னால் கேட்கிறோம் என்பது. குடும்பத்தில் ஒரு விஷயம் பேசும்போது உங்கள் பேச்சு எடுபடுகிறதா என்ற கேள்வியை வீட்டாரைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு கேட்டால் பதில் எப்படி வரும்? "அவனுக்கு என்ன தெரியும், நான் சொல்றேன்" என்று அம்மாவே பதில் சொன்ன வீடும் உண்டு. இதற்கு மட்டுமாவது தனியாகப் பேச இடம் கேளுங்கள்.

புதிதாகத் தொடங்குகிற அமைப்புகளுக்கு இதைத்தான் சொல்வேன், தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கூட்டுத்தொகையை மட்டும் வைத்துத் திட்டம் போடாதீர்கள். மொத்தம் 90-க்கு 23 முதல் 32 வரை நடுத்தரத் தடை என்று கணக்கு. 24 வாங்கிய ஒருவருக்கு அது வேலை, வருமானம் பற்றிய கேள்விகளில் வந்திருக்கும். அதே 24 வாங்கிய இன்னொருவருக்கு மரியாதை, அக்கம்பக்கம் போய்வருவது பற்றியவற்றில் வந்திருக்கும். முதல் ஆளுக்குக் கடனுதவி தேவைப்படலாம். இரண்டாமவர் விஷயத்தில் அவரிடம் அல்ல, அவரைச் சுற்றி இருப்பவர்களிடம்தான் நாம் போய்ப் பேச வேண்டும். படிக்கட்டு தடையா, மனிதர்கள் தடையா என்று இந்தத் தாள் சொல்லாது, அதை நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.