மூன்றரை ஆண்டு வளையம்: ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்

போன வாரம் பட்டர்வொர்த்திலிருந்து என் பள்ளித் தோழி அழைத்தாள். அடி இறக்கம், அதாவது கர்ப்பப்பையோ சிறுநீர்ப்பையோ கீழே இறங்கி வருவது, என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். வளையமா, அறுவைச் சிகிச்சையா, யோசித்து வா என்றாராம். “நீதான் போட்டிருக்கிறாயே, நல்லதா கெட்டதா, ஒரே வார்த்தையில் சொல்” என்றாள். அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்தேன். முழுப் பதில் இது.

வளையம் என்றால், இறங்கிய உறுப்பைத் தாங்கிப் பிடிக்கப் பிறப்புறுப்புக்குள் மாட்டி வைப்பது. அதற்குமேல் விளக்கப்போவதில்லை. எனக்கு இந்த இறக்கம் எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். பினாங்கில் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் மீகூன் (அரிசிச் சேமியா) சட்டி தூக்கியவள் நான். மூன்று பிள்ளைகள், மூத்தவன் பிறக்கும்போதே நான்கு கிலோ. மாதவிடாய் நின்ற பிறகு இடுப்புத்தளத் தசை இன்னும் தளர்ந்துவிட்டது. தூளிச் சேலை தொய்ந்தால் குழந்தையின் முதுகு தரையைத் தொடும் அல்லவா, அதே கதைதான். எல்லோருக்கும் கர்ப்பப்பைதான் இறங்கும் என்றில்லை. எனக்குப் பிறப்புறுப்பின் முன்சுவர் தளர்ந்து சிறுநீர்ப்பை இறங்கியது. காலையில் ஒன்றும் தெரியாது. மாலை ஆனால் முட்டைமேல் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். விரலால் உள்ளே தள்ளிவிட்டால்தான் சிறுநீர் முழுதாகப் போகும் என்ற நிலை வரும்வரை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கட்டி என்று நினைத்துக்கொண்டு ஆறு மாதம் சாமி படத்துக்கு முன்னால் அழுதுகொண்டிருந்தேன்.

முதல் வளையம் 65 மில்லிமீட்டர். மூன்றாம் நாள் கழிப்பறையில் கொஞ்சம் முக்கியதும் ‘டொக்’ என்று விழுந்தது. டாக்டர் ஏமாற்றிவிட்டார் என்று அன்று திட்டினேன், அது நியாயமில்லை. வளையல் கடையில் என்ன செய்கிறோம்? இரண்டு-நான்கைப் போட்டுப் பார்த்து, சரிவராவிட்டால் இரண்டு-ஆறு கேட்கிறோம். இதிலும் விரலால் அளந்து, போட்டு, நடக்கவிட்டு, இருமவிட்டுத்தான் அளவைக் கண்டுபிடிக்க வேண்டும். சின்னதாக இருந்தால் விழும், பெரிதாக இருந்தால் உறுத்தும். இரண்டாவதாகப் போட்ட 71 நின்றது. அன்று மாலை முட்டை இல்லை. ஆயர் ஈத்தாம் சந்தையில் இரண்டு மணி நேரம் நின்று மீன் வாங்கி, வீட்டுக்கு வந்து நின்றபடியே ஆய்ந்தேன். அந்த ஒரு நாளுக்காகவே இதற்குக் கோயில் கட்டலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் தும்மினேன். கால்வரை நனைந்தது.

இதை யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. சிறுநீர்ப்பை இறங்கி இருக்கும்போது சிறுநீர்க்குழாய் மடங்கிக் கிடக்கும். மடிந்த தோட்டக் குழாயில் தண்ணீர் வராததுபோல அந்த மடிப்பே கசிவை மறைத்துவிடும். வளையம் சிறுநீர்ப்பையைத் தூக்கி நிறுத்தினால் மடிப்பு நிமிர்கிறது, மறைந்திருந்த கசிவு வெளியே வருகிறது. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, எனக்கு ஆனது. அமெரிக்க டாக்டர் ஆர்னல்டு கெகல் 1948-இல் எழுதிய பயிற்சிதான் இதற்கு மருந்து: பின்னால் பிரியும் காற்றை அடக்குவதுபோல் அடித்தசையை உள்ளே இழுத்து, பத்து எண்ணும்வரை பிடித்து, விட வேண்டும். 204 பஸ்ஸில் படகுத்துறையிலிருந்து ஆயர் ஈத்தாம் வருவதற்குள் ஒரு சுற்று முடித்துவிடுவேன். பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரியவா போகிறது? நான்கு மாதத்தில் கசிவு பாதியாகக் குறைந்தது. முழுதாக நிற்கவில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் மனத்தாங்கல் வேறு.

முதல் இரண்டு ஆண்டுகள், நான்கு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு மருத்துவமனையில் போய்ப் படுத்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு புதிய இளம் டாக்டர். கெட்டியான பிளாஸ்டிக் வளையத்தை அவர் இழுத்து எடுக்கும்போது, மாதவிடாய் நின்று வறண்டுபோன அந்த இடத்தில் நெருப்பை வைத்தது போல எரியும். புது வளையம், அடுத்த தேதி, போய் வாருங்கள். கணவர் படுக்கையில் இருந்தபோது ஒரு தேதி தவறியது. உள்ளே மாட்டி வைத்த ஒன்றை எடுக்கத் தெரியாமல் ஏழு மாதம் நடமாடினேன். பிறகு உள்ளாடையில் பழுப்பாகக் கறை. மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் டாக்டரிடம் ஓட வேண்டும்; ஓடினேன். வளையம் உராய்ந்து புண். மறந்துபோன வளையம் சதைக்குள்ளேயே பதிந்துவிடுவதும் உண்டாம், அதுவரை போகவில்லை என்று ஆறுதல் சொன்னார்கள். வளையத்தைக் கழற்றி ஆறு வாரம் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கலந்த கிரீம் மட்டும் போட்டார்கள். அந்த ஆறு வாரமும் மாலைநேர முட்டை திரும்பி வந்துவிட்டது.

புண் ஆறியதும் உடலியக்கச் சிகிச்சை தரும் ஒரு மலாய்ப் பெண்ணிடம் அனுப்பினார்கள். என் மகள் வயதுதான் இருக்கும். மெத்தென்ற சிலிக்கான் வளையம் ஒன்றைக் கையில் கொடுத்து, “மக்சிக் (அத்தை), இதைப் பாதி நிலாவாக மடியுங்கள்” என்றாள். மடித்தேன். மீன்போல் துள்ளி மேசைக்கடியில் போய் விழுந்தது. இருவரும் குனிந்து தேடினோம். மூன்றாவது முறை விரல் பழகியது. வீட்டுக்கு வந்து, இடது காலைக் குளியலறை முக்காலிமேல் வைத்து, சுட்டுவிரலைக் கொக்கிபோல் மடக்கி விளிம்பைப் பிடித்து, லேசாக முக்கிக்கொண்டே சாய்த்து இழுத்தேன். வலிக்காமல் வந்தது. சோப்புப் போட்டுக் கழுவித் துண்டில் வைத்துப் பார்த்தால், ஒரு கை முறுக்கு அளவு. இதற்காகவா இரண்டு ஆண்டுகள் கால் பரப்பிப் படுத்தேன்!

இப்போது சனிக்கிழமை இரவு கழற்றுகிறேன், ஞாயிறு காலை மாட்டுகிறேன். வாரம் இரண்டு இரவு கிரீம். மருத்துவமனைக்குச் சோதனைக்கு மட்டும் போனால் போதும். பழைய கிரேக்க வைத்தியர்கள் இதே வேலைக்குப் பாதி மாதுளம்பழத்தை உள்ளே வைத்தார்களாம். அந்தக் காலத்துப் பெண்களை நினைத்தால் என் புலம்பல் கொஞ்சம் அடங்குகிறது. இந்தத் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் ஏறினேன். மெதுவாகத்தான், நான்கு இடத்தில் உட்கார்ந்து. ஆனால் ஏறினேன்.

அறுவைச் சிகிச்சையைப் பற்றியும் கேட்டாள். தையல் போட்டு உறுப்பைத் தூக்கி நிறுத்துவார்கள், சிலருக்குச் சில ஆண்டுகளில் மறுபடி இறங்கும். இதற்காகப் பிறப்புறுப்பு வழியாக வைக்கும் செயற்கை வலையின் விற்பனையை அமெரிக்க அரசு 2019-இல் நிறுத்தச் சொன்னது, அதனால் வலை என்று யாராவது சொன்னால் என்ன வலை, எந்த வழியாக என்று கேட்டுக்கொள்ளட்டும். எனக்குத் தேதி கொடுத்தார்கள், இரண்டு முறை தள்ளிப்போட்டுவிட்டேன்.

மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. படி ஏறியதற்கும் மீன் ஆய்ந்ததற்கும் நான்கு கொடுக்க வேண்டும், தெரியும். கீழே இறங்கியதெல்லாம் மேலே ஏறிவிட்டது, கழற்றக் கற்றுத்தராத அந்த இரண்டு ஆண்டுக் கோபம் மட்டும் இன்னும் இறங்கவில்லை. போடும் அன்றே கழற்றவும் கற்றுக்கொடுப்பீர்களா என்று கேட்டுவிட்டுப் படு என்று தோழியிடம் சொன்னேன்.

சரி என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, “பழைய வளையம் ஏதாவது வைத்திருக்கிறாயா, நான் போட்டுப் பார்க்கிறேனே” என்றாள். அலமாரியில் புதிதாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், இது கெட்டுப்போனால் மாட்டிக்கொள்ள. அதைப் பற்றி அவளிடம் மூச்சுவிடவில்லை.