ஸ்வெட்டர் பின்ன அல்பாக்காவா, மெரினோவா?

குளிர்காலத்திற்கு ஒரு ஸ்வெட்டர் பின்ன முனைந்தபோது, மெரினோ என்னும் செம்மறியாட்டு இனத்தின் கம்பளி நூல், தென் அமெரிக்காவின் ஒட்டகக் குடும்ப விலங்கான அல்பாக்காவின் ரோம நூல் ஆகிய இரண்டையும் பல நாள் தொட்டுப் பார்த்த பின், அல்பாக்காவையே வாங்கினேன். இரண்டும் குளிரைத் தாங்கும் என்பதில் விவாதிக்க ஒன்றுமில்லை. மென்மையை விலங்கின் பெயரைவிட இழையின் தடிமனே தீர்மானிக்கிறது. பெருவில் ‘பேபி அல்பாக்கா’ என்று தரம் பிரிப்பதும் குட்டியின் ரோமம் என்பதால் அன்று, ஏறத்தாழ 22 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரான்) அளவுக்கு இழை மெல்லியது என்பதால்தான்.

என்னை ஈர்த்தது நிறம். வெள்ளை, பழுப்பு, சாம்பல், கருமை என விலங்கின் மேனியிலேயே பல வண்ணங்கள் இருப்பதால் சாயமே ஏற்றாத நூல் கிடைக்கிறது. அதன் மங்கிய பளபளப்பும் மெரினோவில் கிட்டாதது.

ஆனால் ஸ்வெட்டர் எவ்வளவு காலம் வடிவம் மாறாமல் நிற்கும் என்பதே முடிவை நிர்ணயிக்க வேண்டும். மெரினோ இழையில் நெருக்கமான நெளிவுகள் உண்டு. இழுத்துவிட்டால் அவை பழைய நிலைக்கு மீள்கின்றன. அல்பாக்கா இழையில் நெளிவு குறைவு என்பதால் துணி தன் எடையாலேயே தொங்கி நீள்கிறது. நான் முதலில் தளர்வாகப் பின்னிய ஸ்வெட்டர் ஒரே மாதத்தில் நான்கு விரற்கடை நீண்டுவிட்டது. அதைப் பிரித்து, மெல்லிய ஊசியால் நெருக்கமாகப் பின்னி, தோளிலும் பக்கங்களிலும் தையல் கொடுத்த பிறகுதான் நிலைத்தது. இப்போது அதை ஹேங்கரில் மாட்டுவதில்லை. வெதுவெதுப்பான நீரில் தேய்க்காமல் அலசி, துண்டில் சுருட்டி நீரை ஒற்றியெடுத்து, தட்டையாகப் பரப்பியே உலர்த்துகிறேன். இவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்கு, இழையின் செதில்களை அடக்கிப் பதப்படுத்திய, இயந்திரத்தில் துவைக்கத்தக்க மெரினோவே பொருத்தம். குழந்தைகளின் ஆடைக்கும் காலுறைக்கும் நானும் அதையே எடுப்பேன்.

அல்பாக்காவைப் பற்றிச் சொன்ன இவை அனைத்தும் அதில் பஞ்சுபோல் உப்பிய ரோமமுள்ள ஹுவாக்காயா வகைக்கே பொருந்தும். நீண்ட சடைகளாகத் தொங்கும் சூரி வகை நூலைச் சால்வையாக மட்டுமே அணிந்திருக்கிறேன். வழவழப்பு மிகுந்த அதை ஸ்வெட்டருக்குப் பரிந்துரைக்க எனக்குத் துணிவில்லை.

அடுத்த ஸ்வெட்டருக்கும் சாம்பல் நிற அல்பாக்காவையே எடுத்து வைத்திருக்கிறேன். கழுத்துக்கும் மணிக்கட்டு விளிம்புக்கும் மட்டும் மெரினோ கலந்த நூல்.