ஆண்டுக் கடைசியில் நான்கு நிரல் திருவிழாக்கள்: எதில் இறங்கலாம்?

பொழுதுபோக்குக்காக நிரல் எழுதுபவர்களுக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்ல காலம். விடுமுறை இருக்கும், பகல் நீளம். ஆளாளுக்கு ஒன்றைத் தொடங்குவார்கள். ஒருவர் கேம்பாய் எமுலேட்டர் (பழைய கையடக்க விளையாட்டுக் கருவியைப் போலக் கணினியில் இயங்கும் நிரல்), இன்னொருவர் சொந்தமாக ஒரு குட்டி நிரல்மொழி, வேறொருவர் தொட்டிச் செடிக்கு ஈரம் அளக்கும் கருவி. செப்டம்பர் வரும்போது பெரும்பாலானவை பாதியில் நிற்கும். எமுலேட்டரில் பிராசஸர் ஓடும், திரையில் ஒன்றும் வராது. அப்போதுதான் "அடுத்து என்ன செய்யலாம்?" என்ற பேச்சு தொடங்குகிறது.

அதற்கு ஆண்டுதோறும் தயாராக நிற்கும் பதில்கள் நான்கு: ஜேஎஸ்13கே, ஹாக்டோபர்ஃபெஸ்ட், நானோஜென்மோ, அட்வென்ட் ஆஃப் கோட். நமக்குக் கோடை மே மாதத்தோடு போய்விடுகிறது என்றாலும் இவற்றின் தேதிகள் அவர்கள் நாட்காட்டிப்படிதான். நான்கும் இலவசம், வீட்டிலிருந்தே கலந்துகொள்ளலாம். ஆனால் நான்கும் ஒரே மாதிரியான ஆளுக்கானவை அல்ல. நான் பார்க்கிற அளவுகோல் ஒன்றுதான்: எல்லாம் முடிந்த பிறகு கையில் என்ன மிஞ்சும்?

ஜேஎஸ்13கே: எதையும் முடிக்காதவர்களுக்கு

ஆகஸ்ட் 13 முதல் செப்டம்பர் 13 வரை, சரியாக ஒரு மாதம். போலந்தைச் சேர்ந்த ஆந்த்ரே மசூர் 2012-இல் தொடங்கியது. உலாவியில் ஓடும் ஒரு விளையாட்டை ஜாவாஸ்கிரிப்டில் எழுத வேண்டும். ஜிப் செய்த பிறகு அது 13 கிலோபைட்டுக்குள், அதாவது 13,312 பைட்டுக்குள், அடங்க வேண்டும். தொடங்கும் நாளில் ஒரு கருப்பொருள் தருவார்கள். 2020-இல் '404', 2023-இல் 'பதின்மூன்றாம் நூற்றாண்டு', 2025-இல் 'கருப்புப் பூனை'.

கைபேசியில் எடுக்கும் ஒரு படமே இதைப்போல நூறு மடங்குக்கு மேல் இருக்கும். எனவே படக்கோப்பு வைக்க வழியில்லை. எல்லாவற்றையும் கேன்வாஸில், அதாவது உலாவி தரும் வரைபலகையில், கோடு கோடாக நிரலே வரைய வேண்டும். ஒலிக்கும் கோப்பு வைக்க முடியாது, சில எண்களிலிருந்து ஒலியை உண்டாக்கும் சின்ன நிரல்தான் கைகொடுக்கும். பெரிய கேம் எஞ்சினை நினைத்தே பார்க்க வேண்டாம்.

இந்தக் கட்டுப்பாடுதான் இதன் பெரிய வரம். பொழுதுபோக்கு வேலைகள் பெரும்பாலும் திறமைக் குறைவால் நிற்பதில்லை, வளர்ந்துகொண்டே போவதால் நிற்கின்றன. "மெனு வைக்கலாம், அப்புறம் சேமிக்கும் வசதி, அப்புறம் இரண்டு பேர் ஆடும் வசதி" என்று ஆசை நீளும்போது இங்கே ஜிப் கோப்பே குறுக்கே நின்று மறுத்துவிடும்.

இன்னொரு சுவாரசியம், அளவைக் குறைக்கும் கலை. அலுவலகத்தில் ஒரே நிரல் துண்டை நான்கு இடத்தில் ஒட்டி வைத்தால் திட்டுவார்கள். இங்கே அது சில சமயம் லாபம். ஜிப் சுருக்கம் திரும்பத் திரும்ப வரும் வரிசைகளைத் தேடிப் பிடித்து, "முன்னே வந்ததுதான் இது" என்று குறித்து வைப்பதில் வேலை செய்கிறது. எனவே புத்திசாலித்தனமாகப் பிரித்து எழுதிய ஃபங்ஷனைவிட, அச்சு அசலாகத் திரும்ப வரும் வரிகள் சின்னதாகச் சுருங்கக்கூடும். தமிழில் வசனம் வைக்க நினைப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'தமிழ்' என்று எழுத 15 பைட் ஆகிறது, ஒவ்வொரு குறிக்கும் மூன்று. பயப்பட வேண்டாம், அந்த மூன்றில் முதல் பைட் எப்போதும் ஒன்றே, இரண்டாவதற்கும் இரண்டே வாய்ப்புகள்தான். அதனால் சுருக்கியபின் நினைத்த அளவுக்குப் பெருக்காது.

முடிவில் மிஞ்சுவது, ஒரு சுட்டியை அனுப்பினால் யாரும் ஆடிப் பார்க்கக்கூடிய முழு விளையாட்டு. நான்கில் இந்த ஒன்றில்தான் இவ்வளவு உறுதியாக இதைச் சொல்ல முடியும். ஒரு மாதம் அதிகம் என்பவர்களுக்கு அக்டோபரில் லூடம் டேர் என்ற விளையாட்டு எழுதும் போட்டி வரும். அதில் தனியாளுக்கு 48 மணி நேரம், குழுவுக்கு 72. ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் வேலை வைத்திருப்பவர்களுக்கு அது தோதுப்படாது.

அட்வென்ட் ஆஃப் கோட்: புது மொழி பழக

எரிக் வாஸ்டல் 2015-இல் தொடங்கியது. டிசம்பர் முதல் தேதியிலிருந்து தினம் ஒரு புதிர், ஒவ்வொன்றிலும் இரண்டு பகுதிகள். அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையில் நள்ளிரவு ஆகும்போது புதிர் திறக்கும். இந்தியாவில் அப்போது காலை 10:30. அங்கே தூக்கம் கெடுகிறது, இங்கே அலுவலகக் கூட்டம் கெடுகிறது. 2024 வரை 25 நாள் நடந்தது. 2025-இல் 12 நாளாகக் குறைத்தார்கள், வேகமாக விடை கண்ட முதல் நூறு பேரின் உலகளாவிய பட்டியலையும் எடுத்துவிட்டார்கள். என் கணக்கில் இரண்டும் நல்ல மாற்றங்கள். அந்தப் பட்டியல் நம்மில் முக்கால்வாசிப் பேருக்குச் சம்பந்தமே இல்லாதது. வேலைக்குப் போகிறவர்கள் இருபதாம் தேதிக்கு மேலும் தொடர முடிந்தது அபூர்வம். நண்பர்களுக்குள் வைத்துக்கொள்ளும் தனிப் பட்டியல் இன்னும் இருக்கிறது, அது போதும்.

இதன் சூட்சுமம் இரண்டாம் பகுதியில் இருக்கிறது. 2021-ஆம் ஆண்டு ஆறாம் நாள் புதிரை எடுத்துக்கொள்வோம். விளக்கு மீன்கள் குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை குட்டி போடுகின்றன. எடுத்துக்காட்டில் ஐந்து மீன்களோடு தொடங்கினால் 80 நாளில் 5,934 மீன்கள். ஒவ்வொரு மீனையும் பட்டியலில் வைத்து எண்ணினாலே விடை வந்துவிடும். சரி, முடிந்தது என்று நிமிர்ந்தால் இரண்டாம் பகுதி 256 நாள் கேட்கிறது. இப்போது விடை 26,984,457,539. அதாவது 2,698 கோடிக்கு மேல். பட்டியல் நினைவகத்தைத் தின்று கணினியை நிறுத்திவிடும். மீன்களைத் தனித்தனியாக வைக்காமல், எத்தனை நாள் பாக்கியுள்ள மீன்கள் எத்தனை என்று ஒன்பது எண்களாக வைத்தால் கண் இமைக்கும் நேரத்தில் முடிகிறது. வகுப்பில் பல மணி நேரம் சொல்லிக்கொடுத்தும் ஏறாத பாடம் இப்படி ஒரே காலையில் ஏறிவிடும்.

ஜேஎஸ்13கே-யோடு வைத்துப் பார்த்தால் இது நேர் எதிர். அங்கே என்ன செய்வது என்பதே முதல் தலைவலி. இங்கே அதை வேறொருவர் முடிவு செய்து தருகிறார். உங்கள் உள்ளீட்டுக்கு உரிய விடை சரியா தவறா என்று உடனே தெரிந்துவிடும். ரஸ்ட், ஹாஸ்கெல் என்று புது மொழி பழக இதைவிட நல்ல களம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் முடிவில் பிறருக்குக் காட்டப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. விடைகள் நிறைந்த ஒரு ரெப்போ (நிரல் கோப்புகளின் இணையக் கிடங்கு) இருக்கும், அதை எவரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு: பழைய ஆண்டுகளின் புதிர்கள் எல்லாம் திறந்தே கிடக்கின்றன. டிசம்பர் வரை காத்திருக்கத் தேவையில்லை. கோடையில் எமுலேட்டரைப் பாதியில் விட்டவர்களுக்கு 2019-ஆம் ஆண்டுத் தொகுப்பை நான் பரிந்துரைப்பேன். அந்த ஆண்டு இன்ட்கோட் என்ற கற்பனைக் கணினியை ஒரு சில நாள்களில் தவணை முறையில் கட்ட வைக்கிறார்கள். இரண்டாம் நாள் கூட்டலும் பெருக்கலும் மட்டும். ஐந்தாம் நாள் உள்ளீடும் நிபந்தனைத் தாவலும். ஒன்பதாம் நாளில் கணினி முழுமை அடைகிறது. பதின்மூன்றாம் நாள் நீங்கள் கட்டிய கணினியிலேயே பந்தால் செங்கல் உடைக்கும் விளையாட்டு ஓடும். கேம்பாயில் சிக்கிக்கொண்ட அதே விஷயங்களை இங்கே சின்ன அளவில் முழுசாகப் பார்த்துவிடலாம்.

ஹாக்டோபர்ஃபெஸ்ட்: சட்டையை மறந்துவிட்டுப் போனால் நல்லது

டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014-இல் தொடங்கியது. அக்டோபர் மாதத்தில் திறமூலத் திட்டங்களுக்கு (மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருள்களுக்கு) குறிப்பிட்ட எண்ணிக்கையில் புல் ரிக்வஸ்ட், அதாவது 'என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்ற கோரிக்கை, அனுப்பினால் டி-சட்டை என்பதுதான் ஆரம்ப ஈர்ப்பு. அந்தச் சட்டையே வினையாகவும் ஆனது. 2020 அக்டோபர் முதல் தேதியன்று பல திட்டங்களின் பொறுப்பாளர்கள் குப்பையில் விழித்தார்கள். ரீட்மி என்ற அறிமுகக் கோப்பில் ஒரு பெயரடையைச் சேர்ப்பது, ஒரு காற்புள்ளியை நகர்த்துவது என்று வரிசையாக வந்து குவிந்தன. இரண்டொரு நாளில் விதி மாறியது. தாங்களாகவே விரும்பிக் குறிச்சொல் இட்ட ரெப்போக்களில் செய்வது மட்டும்தான் கணக்கில் வரும் என்றார்கள். 2023-இல் சட்டையை நிறுத்தி டிஜிட்டல் பேட்ஜ் கொடுத்தார்கள்.

தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது என்று இதைச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நான்கில் கடினமானது இதுதான். மற்ற மூன்றிலும் வெற்றுக் கோப்பிலிருந்து தொடங்குகிறீர்கள். இங்கே பிறர் பல ஆண்டுகளாக எழுதிய நிரலைப் படித்து, அவர்கள் பழக்கத்துக்கு ஏற்ப எழுதி, அவர்கள் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். அட்வென்ட் ஆஃப் கோட் ஒரு நொடியில் சொல்லும் பதிலை இங்கே ஒரு மனிதர் பத்து நாள் கழித்துச் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். ஆனால் அந்தப் பதிலில்தான் சரக்கு இருக்கிறது. "இது ஓடும், ஆனால் இந்த இடத்தில் ஏன் இப்படி எழுதினீர்கள்?" என்று ஒருவர் கேட்பது தனியே உட்கார்ந்து எழுதும்போது கிடைக்கவே கிடைக்காது.

நாம் அன்றாடம் பயன்படுத்தும் ஒரு மென்பொருளைத் தேர்ந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அதில் எது எரிச்சலூட்டுகிறது என்று ஏற்கெனவே தெரியும். தமிழ் தெரிந்தவருக்கு இங்கே ஒரு தனிச் சாதகமும் உண்டு. எழுத்துகளை எண்ணுவது, அகர வரிசைப்படுத்துவது போன்றவற்றுக்கு உதவும் ஓப்பன்-தமிழ் போன்ற பைத்தான் நூலகங்களில் பிழை கண்டுபிடிக்கத் தமிழ்தான் முதல் தகுதி. செப்டம்பரிலேயே நிரலைப் படிக்கத் தொடங்குங்கள். அக்டோபர் முதல் தேதி திறந்து பார்ப்பவர்களுக்குக் காற்புள்ளிதான் கண்ணில் படும்.

கோடை வேலையை நேரடியாக முன்னே தள்ளவும் இதில் வழியிருக்கிறது. உங்கள் ரெப்போவுக்கே குறிச்சொல் இட்டு, பிறர் செய்யக்கூடிய சிறு வேலைகளை எழுதி வைக்கலாம். ஓட்டிப் பார்க்கும் கட்டளை ரீட்மியில் இருந்தால்தான் யாராவது எட்டிப் பார்ப்பார்கள்.

நானோஜென்மோ: யாருக்கும் பயன்படாத நாவல்

டாரியஸ் கஸேமி 2013-இல் போகிற போக்கில் சொன்ன யோசனை. நவம்பர் மாதத்துக்குள் 50,000 சொல் நாவல் ஒன்றை எழுதும் நிரலை எழுத வேண்டும். நாவலையும் மூலநிரலையும் பகிர வேண்டும், அவ்வளவுதான் விதி. எது நாவல் என்பதும் உங்கள் முடிவே. 'மியாவ்' என்று 50,000 முறை அச்சிட்டாலும் ஏற்பார்கள். பரிசு கிடையாது, பட்டியல் கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது.

என் மனதுக்குப் பிடித்தது இது, தமிழில் செய்து பார்க்கும்போது குறிப்பாக. ஆங்கிலத்தில் வார்ப்பு வாக்கியத்தில் பெயரைச் செருகினால் ஓரளவு படிக்கும்படி இருக்கும். தமிழில் அது முதல் வரியிலேயே உடைந்துவிடும். 'அவன் ___ பார்த்தான்' என்ற இடத்தில் மரம் போட்டால் மரத்தை, வீடு போட்டால் வீட்டை, பூ போட்டால் பூவை, தீ போட்டால் தீயை. 'கால்' காலை ஆகும், 'கல்' கல்லை ஆகும். தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தது இங்கே ஓர் இஃப் வரியாக வந்து உட்காரும். எழுவாய் மாறினால் வினைமுற்று மாற வேண்டும். 'பூவை' என்பதை அடுத்து 'பறித்தான்' வந்தால் நடுவில் ஒரு 'ப்' வேண்டும். நாவல் உருப்படாவிட்டாலும் கையில் ஒரு வேற்றுமை உருபு சேர்க்கும் நிரல் இருக்கும், அது வேறு நூறு வேலைக்கு உதவும். யாப்பு பார்க்கும் அவலோகிதம் போன்ற மென்பொருள் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. துணிந்தவர்கள் தளை தட்டாமல் 50,000 சொல்லுக்கு வெண்பா கொட்டும் நிரலை எழுதிப் பார்க்கலாம். (சொல் கணக்கில் தமிழுக்கு அநியாயம் நடப்பதும் உண்மை. 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து' இங்கே ஒரே சொல்.)

செயற்கை நுண்ணறிவு இந்த நான்கையும் ஒரே மாதிரி பாதிக்கவில்லை. அட்வென்ட் ஆஃப் கோடில் முதல் சில நாள் புதிர்களைச் சாட்பாட்டுகள் நொடிகளில் முடித்துவிடும்; கற்றுக்கொள்ள வந்தவர் அதைத் திறப்பது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது. நானோஜென்மோவில் 50,000 சொல்லைச் சாட்பாட்டிடம் கேட்டு வாங்குவதில் தடை ஏதும் இல்லை, ஆனால் அந்த நாவலைவிட 'மியாவ்' நாவல் மேல் என்பேன். ஜேஎஸ்13கே-யில் அது ஓரளவு உதவும். ஆட்டம் சலிக்கிறதா என்று ஆடிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஹாக்டோபர்ஃபெஸ்டில்தான் ஆபத்து. அங்கே நீங்கள் படிக்காமல் அனுப்பும் நிரலைப் படித்தே ஆக வேண்டிய கட்டாயத்தில் இன்னொருவர் இருக்கிறார், அதுவும் சம்பளமில்லாமல். உங்களால் வரிக்கு வரி விளக்க முடியாத புல் ரிக்வஸ்ட்டை அனுப்பாதீர்கள்.