பினாங்குக்குச் சரக்கு எடுப்பவர்களுக்கு: பட்டர்வொர்த்தில் ஒரு நல்ல பார்வர்டிங் ஏஜெண்ட்

ஐந்துக்கு நாலரை. லிட்டில் இந்தியாவில் எங்கள் பித்தளைச் சாமான் கடைக்குத் தூத்துக்குடியிலிருந்து வரும் சரக்கை இப்போது இவர்கள்தான் எடுத்துத் தருகிறார்கள். சின்ன அலுவலகம். ஆனால் ஆர்டரை உறுதி செய்வதற்கு முன்பே புரோபார்மா இன்வாய்ஸை (சப்ளையர் முன்கூட்டித் தரும் விலைச்சீட்டை) வாங்கி வரி வரியாகப் படிக்கிறார்கள், அதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் சப்ளையர் வழக்கம்போல "சிஐஎஃப் பினாங்கு" என்று போட்டிருந்தார். அதாவது பினாங்கு வரை கப்பல் கூலியும் காப்பீடும் அவர் தலையில், நமக்கென்ன கவலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அங்கே ஃபைல் பார்க்கும் அக்கா பொறுமையாக விளக்கினார்: பணம் கட்டுவது சப்ளையர் என்றாலும், தூத்துக்குடியில் சரக்கு கப்பலில் ஏறிய நிமிடத்திலிருந்து வழியில் எது நடந்தாலும் நஷ்டம் நம்முடையது. காப்பீடு இருக்கிறதே என்றால், சிஐஎஃபில் விற்பவர் எடுக்க வேண்டியது குறைந்தபட்சப் பாதுகாப்பு மட்டும், அதாவது 'இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாசஸ்' என்ற காப்பீட்டு விதிகளில் 'சி' வகை, விலையில் 110 சதவீதத்துக்கு. கப்பல் மூழ்கினால், தீப்பிடித்தால் பணம் வரும். பெட்டியை உடைத்துக் குத்துவிளக்கை எடுத்துப் போனாலோ, கன்டெய்னருக்குள் கடல் தண்ணீர் புகுந்து பித்தளை பச்சை பிடித்தாலோ ஒன்றும் வராது.

இன்னொன்று, சிஐஎஃபில் கப்பலைப் பிடிப்பது சப்ளையர், அதனால் இங்கே டெலிவரி ஆர்டர் (சரக்கை எடுப்பதற்கான சீட்டு) கொடுக்கும் ஏஜெண்டும் அவர் பக்கத்து ஆள்தான். கூலி மலிவாகத் தெரியும், அப்புறம் துறைமுகத்தில் அந்தக் கட்டணம் இந்தக் கட்டணம் என்று நீட்டுவார்கள், சரக்கு உள்ளே கிடக்கும்போது பேரம் பேச வழியே இல்லை. முன்பு வேறொரு இடத்தில் இதை அனுபவித்தோம், யாரும் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை.

இவர்கள் சொன்னது எஃப்சிஏ, அதாவது நாம் பிடிக்கும் கப்பல்காரரிடம் சப்ளையர் குறித்த இடத்தில் சரக்கை ஒப்படைப்பார், அதற்குப் பிறகு கூலியும் பொறுப்பும் நம்முடையது. கன்டெய்னர் சரக்குக்கு எஃப்ஓபியை (கப்பலில் ஏற்றி ஒப்படைக்கும் முறையை) விட இதுதான் பொருந்துமாம், ஏனென்றால் சப்ளையர் பெட்டியை ஒப்படைப்பது யார்டில், கப்பலில் இல்லை. எந்த யார்டு என்பதையும், கூடவே "இன்கோடெர்ம்ஸ் 2020" (இந்தச் சிஐஎஃப், எஃப்சிஏ முறைகளுக்கான சர்வதேச விதிகள்) என்பதையும் ஒப்பந்தத்தில் எழுத வைத்தார்கள். பேங்க் ஆன்போர்டு பில் (சரக்கு கப்பலில் ஏறியதைக் காட்டும் பில்) கேட்குமே என்று சப்ளையர் தயங்கினார். 2020 விதியிலேயே அதற்கு வழி இருக்கிறது, அதையும் அந்த அக்காவே அவருக்கு எழுதி அனுப்பினார். காப்பீட்டை நாங்களே விரிவான பாதுகாப்புள்ள 'ஏ' வகையில் எடுத்துக்கொண்டோம். எஃப்சிஏ எடுத்தால் வரி குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இங்கே சுங்கத்துறை கப்பல் கூலியையும் காப்பீட்டையும் சேர்த்துத்தான் மதிப்புப் போடுகிறது.

அரை மதிப்பெண் குறைத்தது சனிக்கிழமைக்காக. மதியத்துக்கு மேல் போனையே எடுக்க மாட்டார்கள், கப்பல் வரும் வாரத்தில் இது உண்மையிலேயே சிரமம்.

போவதானால் இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்டையும் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கொண்டு போங்கள். எல்லாம் முடிந்த பிறகு போனால் கே1 (இறக்குமதிச் சுங்கப் படிவம்) போட்டுச் சரக்கை எடுத்துத் தருவார்கள், அவ்வளவுதான்.