14 இன்ச் ரேடியேட்டர் ஃபேன் கிட்: ஃபேனை வைத்துக்கொள்ளுங்கள், வயரைத் தூக்கிப் போடுங்கள்

என்னிடம் இருப்பது பழைய 1489 சிசி பெட்ரோல் அம்பாசடர். ஏசி பிறகு போட்டது, கார்புரேட்டரும் மாற்றியாகிவிட்டது. ஹைவேயில் ஒரு தொந்தரவும் தராது, ஆனால் மே மாதத்தில் கத்திப்பாரா பக்கம் பத்து நிமிஷம் நின்றால் போதும், டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிடும். வாட்டர் பம்ப் புல்லியில் நாலு போல்ட்டில் மாட்டியிருக்கும் ஒரிஜினல் ஃபேன் இன்ஜின் சுற்றுகிற வேகத்துக்குத்தான் சுற்றும், ஐடிலில் அதற்குத் தெம்பு கிடையாது. காற்று தேவைப்படாத ஹைவேயில்தான் அது பேயாகச் சுற்றும்.

சென்னை ஜிபி ரோட்டில் 3,800 ரூபாய்க்கு பிராண்ட் பெயர் எதுவும் இல்லாத ஒரு கிட் வாங்கினேன். 14 இன்ச் எலக்ட்ரிக் ஃபேன், ரிலே (சின்ன கரன்ட்டை வைத்துப் பெரிய கரன்ட்டைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச்), வயர், ரேடியேட்டரில் குத்துகிற தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் ஊடாகக் கோத்து இறுக்கும் பிளாஸ்டிக் டை, எல்லாம் ஒரே பெட்டியில்.

ஃபேன் நன்றாகவே இருக்கிறது. ஸ்டார்ட் ஆகும் நொடியில் கரன்ட் சட்டென்று ஏறி, அப்புறம் 13 ஆம்ப்ஸில் நிற்கிறது, காற்றும் தாராளம். இன்ஜின் பக்கமாக வைத்து இழுக்க விட்டிருக்கிறேன். பிளஸ் மைனஸ் மாறினால் எதிர்ப்பக்கம் சுற்றும், அதனால் மாட்டியதும் ரேடியேட்டர் முன்னால் ஒரு பேப்பரைப் பிடித்துப் பாருங்கள், ஒட்டிக்கொண்டால் சரி.

வயர்தான் மோசம். மேலே பார்க்கக் கெட்டியாக இருக்கிறது, சீவினால் உள்ளே காப்பர் கொஞ்சம்தான், மீதியெல்லாம் ரப்பர். பேட்டரியில் 13.5 வோல்ட் இருக்கும்போது ஃபேன் முனையில் 11.9 தான் வந்தது. போன 1.6 வோல்ட் வயரிலும் லக்கிலும் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) சூடாகிக்கொண்டிருந்தது, கை வைத்தாலே தெரிந்தது. 4 சதுர மில்லிமீட்டர் வயர் வாங்கி, லக்கை ஒழுங்காகக் கிரிம்ப் பண்ணி, ஃபேன் எர்த்தை பெயின்ட் சுரண்டிய சேசிஸில் கொடுத்ததும் 13.2 வந்துவிட்டது. ஃபேன் சத்தத்திலேயே வித்தியாசம் கேட்டது.

பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 30 ஆம்ப்ஸ் ஃப்யூஸ், அங்கிருந்து ரிலேயில் 30 என்று எண் போட்ட முனைக்கு, 87ஆம் முனை ஃபேனுக்கு, 86 இக்னிஷனிலிருந்து, 85 தெர்மோ ஸ்விட்ச் (சூடு ஏறினால் தானே போடும் ஸ்விட்ச்) வழியாக எர்த்துக்கு. இவ்வளவுதான் விஷயம். இதற்கு முன் ஒரு கடையில், ரிலேயே வேண்டாம் சார் என்று டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாகவே நேராக ஓட்டிக் கொடுத்தார்கள், மூன்றாம் நாள் ஸ்விட்ச் உருகி கார் முழுக்க நாற்றம்.

கிட்டோடு வரும் தெர்மோஸ்டாட்டும் வேண்டாம். அது அறிவது ஃபின்னின் சூட்டை, தண்ணீரின் சூட்டை அல்ல. மேல் ஓஸை வெட்டி நடுவில் அடாப்டர் வைத்து, 92 டிகிரியில் போட்டு 87இல் அணைக்கும் ஸ்விட்ச் மாட்டினேன். முள் ஏறுகிறது, ஃபேன் சுற்றவில்லை! ஒரு மணி நேரம் ரிலேயையும் ஃப்யூஸையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பக்கத்து ஒர்க்‌ஷாப் பையன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, ரெண்டு பக்கமும் ரப்பர் ஓஸ், எர்த் எங்கேருந்து வரும்?" என்றான். அடாப்டர் பாடியிலிருந்து தனியாக ஒரு எர்த் வயர் இழுத்தேன், உடனே ஓடியது. பாடி வழியாகவே எர்த் எடுக்கும் ஒற்றை முனை ஸ்விட்ச் வாங்குபவர்கள் இதை மறக்காதீர்கள்.

அந்த பிளாஸ்டிக் டைகளைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். அதிர்வில் உரசி உரசி டியூபையே ஓட்டை போட்டுவிடும். இரும்புப் பட்டையில் பிராக்கெட் அடித்து ரேடியேட்டர் ஃப்ரேமில் போல்ட் போட்டேன், தகரத்தில் ஷ்ரவுடும் (ஃபேனைச் சுற்றி ரேடியேட்டர் முழுவதையும் மூடும் உறை) அடித்தேன். ஷ்ரவுட் இல்லையென்றால் ஃபேனுக்கு நேரே இருக்கும் வட்டம் மட்டும்தான் குளிரும், மூலைகள் சும்மா இருக்கும்.

இரவில் டிராஃபிக்கில் ஹெட்லைட் 9 ஆம்ப்ஸ், இந்த ஃபேன் 13, ஏசி வேறு. ஐடிலில் ஆல்டர்னேட்டர் திணறுகிறது, லைட் லேசாக மங்குகிறது. ஆல்டர்னேட்டருக்குப் பதில் பழைய டைனமோ இருக்கும் வண்டி வைத்திருப்பவர்கள் அதை மாற்றாமல் இதில் இறங்க வேண்டாம்.

வயர், ஸ்விட்ச், தகர வேலை சேர்த்து இன்னும் 2,600 ரூபாய் ஆனது. போன வாரம் ஏசி போட்டுக்கொண்டே ஏலகிரி 14 வளைவும் ஏறினேன், முள் பாதியைத் தாண்டவில்லை. ஆனாலும் பழைய ஃபேனும் அந்த நாலு போல்ட்டும் ஒரு ஸ்பானரோடு டிக்கியில்தான் கிடக்கின்றன, எடுத்து வீட்டில் வைக்க இன்னும் மனசு வரவில்லை.