30 நாளில் 10 கிலோ என்று சொல்லும் இடத்தில் கையெழுத்துப் போடும் முன்

போன டிசம்பரில் சென்னையின் மேற்குப் பக்கம் இருக்கும் ஒரு எடை குறைப்பு மையத்தில் 36,000 ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்டேன். அதற்கான தவணை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் மையத்தின் பெயரை எழுதவில்லை. எடை மெதுவாகக் குறைந்து, இடையில் நின்றுபோய், மனம் விட்டுப்போயிருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். அப்படி ஒரு வாரத்தில்தான் நான் அந்தப் படியேறினேன்.

எனக்கு 43 வயது. வில்லிவாக்கத்தில் வீடு, அம்பத்தூர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் வேலை. போன வருடம் ஜூன் மாதம் முழங்கால் வலிக்காக எங்கள் தெரு டாக்டரிடம் போனபோது எடை 78.4 கிலோ. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.1. "இன்னும் சர்க்கரை நோய் வரலை, ஆனா வாசல்ல நிக்குதும்மா" என்றார் டாக்டர். அடுத்த வாரமே நடக்க ஆரம்பித்தேன். கீழ் வீட்டு அக்காவும் நானும் காலை ஐந்தரைக்குக் கிளம்புவோம். வேலை நாட்களில் எங்கள் தெருக்களிலேயே சுற்றுவோம், ஞாயிற்றுக்கிழமை அண்ணா நகர் டவர் பார்க். வீட்டில் கொழுப்பு அதிகமுள்ள ஆவின் ஆரஞ்சு பால் பாக்கெட்டை நிறுத்தி, கொழுப்பு குறைந்த நீலத்துக்கு மாறினோம். மதியச் சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் பொரியலும் சுண்டலும். சாயங்காலம் கேன்டீன் வடையை நிறுத்தினேன். வேறு பெரிய வைத்தியம் எதுவும் இல்லை.

நவம்பர் தொடக்கத்தில் 74.2. ஐந்து மாதத்தில் 4.2 கிலோ. அப்புறம் ஐந்து வாரம் முள் அசையவே இல்லை. ஒரு ஞாயிறு 74.5 கூடக் காட்டியது. மார்கழி நெருங்க, தை மாதக் கடைசியில் வடபழனியில் நாத்தனார் மகள் கல்யாணம் வந்து நின்றது. "இன்னும் நடந்துட்டுதான் இருக்கியா?" என்று சொந்தத்தில் ஒருவர் கேட்டார். அவர் எந்தக் கெட்ட எண்ணத்திலும் கேட்கவில்லை. ஆனால் அன்று இரவு போனில் '30 நாளில் 10 கிலோ, முதல் ஆலோசனை இலவசம்' என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் நம்பரை அழுத்திவிட்டேன்.

போன நேரம் மாலை ஆறரை. ஆபீஸ் சுடிதார், கழுத்தில் சங்கிலி, கையில் போன், வயிற்றில் மதியச் சாப்பாடும் நாலு மணி டீயும். அப்படியே மெஷினில் ஏற்றினார்கள். 76.1 காட்டியது. வீட்டில் காலையில் 74.2 என்றேன். "வீட்டு மெஷின் சரியா காட்டாது அக்கா" என்றார் வெள்ளைக் கோட்டு போட்டிருந்த பெண். அடுத்து கையில் இரண்டு கம்பிகளைப் பிடிக்கச் சொல்லி ஒரு அச்சுத்தாள் எடுத்தார்கள். என் உடலின் வயது 58 என்று அதில் இருந்தது. உடலில் மின்சாரத்தைச் செலுத்தி அளக்கும் அந்த மெஷின், நாம் எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தே மாற்றிக் காட்டும் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு 58 என்ற எண்ணைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து மேலாளர் வந்தார். "அஞ்சு மாசம் நடந்து நாலு கிலோவா? உங்க மெட்டபாலிசம் லாக் ஆயிடுச்சு மேடம். இனிமே நடந்து பிரயோஜனம் இல்லை." 48,000 ரூபாய் பேக்கேஜ், இன்றே சேர்ந்தால் 36,000, நாளைக்கு வந்தால் பழைய விலை. கையில் அவ்வளவு இல்லை என்றதும் தவணை என்றார்கள். 6,000 போனிலேயே அனுப்பினேன். மீதி 30,000, மாதம் 3,000 வீதம் பத்துத் தவணை. "வட்டியே கிடையாது" என்றார்கள். ஆவணக் கட்டணம் என்று 900 தனியாகப் பிடித்தார்கள். ஓடிபி வந்தது, சொன்னேன். நான் கடன் வாங்கியது மையத்திடம் இல்லை, ஒரு நிதி நிறுவனத்திடம் என்பது அந்த ஓடிபிக்குள் இருந்தது. இதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. வீட்டில் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நாளை வருகிறேன் என்று எழுந்திருந்தால் போதும், தப்பித்திருப்பேன்.

முதல் வாரம் 3.4 கிலோ குறைந்ததாகக் கார்டில் எழுதிக் கைதட்டினார்கள். நானும் பூரித்துப்போனேன். இரண்டு மாதம் கழித்து அந்தக் கார்டை எடுத்துவைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. முதல் எடை மாலையில், வயிறு நிறைய, முழு உடையில் எடுத்தது. அதற்குப் பிறகு எல்லாமே காலை ஏழு மணி, வெறும் வயிறு, அவர்கள் கொடுத்த மெல்லிய கவுன். 3.4 கிலோவில் ஏறக்குறைய இரண்டு கிலோ இந்த ஏற்பாட்டிலேயே வந்துவிட்டது. மீதியில் பெரும்பகுதி தண்ணீர். சாப்பாட்டைத் திடீரென்று வெட்டினால், ஈரலும் தசையும் சேமித்துவைத்திருக்கும் கிளைகோஜன் முதலில் கரையும். ஒரு கிராம் கிளைகோஜன் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும், அதுவும் கூடவே இறங்கும். திரும்ப ஒழுங்காகச் சாப்பிட்டால் அது திரும்ப ஏறும். பிளாஸ்டிக் தாளைச் சுற்றி ஹீட் பெல்ட் கட்டிப் படுக்கவைப்பதும் அதே மாதிரிதான். வியர்த்துப் போனது, ஒரு செம்புத் தண்ணீர் குடித்தால் திரும்பிவிடும். இடுப்பை அளந்த டேப்பும் வாரத்துக்கு வாரம் இறுகிக்கொண்டே வந்தது.

இந்தக் கணக்கை நான் முதல் நாளே போட்டிருக்க வேண்டும். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. 10 கிலோ என்றால் 77,000. 30 நாளுக்குப் பிரித்தால் தினம் 2,500க்கு மேல். என் உயரத்துக்கும் எடைக்கும் என் உடம்பு ஒரு நாளில் செலவழிப்பதே 1,900ஐ ஒட்டித்தான் இருக்கும். பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துப் பட்டினி கிடந்தாலும் 30 நாளில் 10 கிலோ கொழுப்பு போகாது. விளம்பரத்தில் இருந்த வாக்கு கூட்டல் கழித்தலிலேயே பொய். அதே கணக்கில் என் ஐந்து மாதத்தைப் போட்டால், தினம் 215 கலோரி வருகிறது. நான் விட்ட ஒரு வடையும், சர்க்கரை போட்ட ஒரு காபியும். அவ்வளவு சின்னதை 150 நாள் விடாமல் செய்ததால் வந்த 4.2 கிலோ அது.

அவர்கள் கொடுத்த சாப்பாட்டுத் தாளில் ஒரு நாளைக்கு 800 கலோரிதான் தேறும். இரவுக்கு ஒரு பொடி. டப்பாவில் தயாரித்தவர் பெயர், முகவரி எதுவும் இல்லை. உணவுப் பொருள் என்றால் இருக்க வேண்டிய 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இல்லை. 'முழுக்க மூலிகை' என்று ஒரு ஸ்டிக்கர் மட்டும். சிபுட்ரமின் என்று ஒரு பசி அடக்கும் மருந்து இருந்தது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்து தெரிந்ததால் 2011ல் இந்தியாவில் தடை செய்தார்கள். அதையே மூலிகைப் பொடி என்ற பெயரில் கலந்து விற்றது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. என் டப்பாவில் அது இருந்தது என்று நான் சொல்லவில்லை, சோதிக்கக் கொடுக்கவில்லை. ஆனால் பெயரும் உரிம எண்ணும் இல்லாத ஒன்றை 40 நாள் தினமும் கரைத்துக் குடித்தேன். என் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்றைத் தொடக்கூட விட்டிருக்க மாட்டேன்.

ஐந்தாவது வாரம் 69.8. அந்த வாரம்தான் வில்லிவாக்கம் ஸ்டேஷன் படியில் கண் இருட்டிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பூ விற்கும் அம்மா ஒருவர் தண்ணீர் கொடுத்தார். மையத்தில் சொன்னபோது, "டாக்ஸின் வெளியே போகுது, நல்ல அறிகுறி" என்றார்கள். ஏழாவது வாரம் எடை நின்றது. உடனே பேச்சு மாறியது. "வீட்ல ஒளிச்சு சாப்பிடுறீங்களா மேடம்?" என்று நான்கு பேர் இருக்கும்போது மேலாளர் கேட்டார். அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அடுத்த மூச்சிலேயே 22,000 ரூபாய்க்கு மசாஜ் பேக்கேஜ் எடுத்தால் தடை உடையும் என்றார். அவர் நகர்ந்ததும் வெள்ளைக் கோட்டுப் பெண் மெதுவாக, "வேணாம்க்கா, எங்களுக்கு மாச டார்கெட் இருக்கு, அதான் எல்லார்கிட்டயும் சொல்றாங்க" என்றாள். டயட்டீஷியன் என்று அறிமுகப்படுத்தப்பட்ட அவள் படித்திருந்தது மூன்று மாதப் பயிற்சி. அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை.

கல்யாணம் முடிந்து பிப்ரவரி நடுவில் எங்கள் டாக்டரிடம் போனேன். 11.8 இருந்த ஹீமோகுளோபின் 9.4க்கு இறங்கியிருந்தது. மார்ச்சில் தலை வாரினால் சீப்பு நிறைய முடி. உடம்பு பட்டினியைத் தாங்கி இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படிக் கொட்டும், திரும்ப முளைக்கும், பயப்படாதீர்கள் என்றார். வேகமாக எடை இறங்கினால் பித்தப்பையில் கல் வரும் ஆபத்தும் உண்டாம். எனக்கு வரவில்லை. ஏப்ரலில் எடை 74.9. கையெழுத்துப் போட்ட நாளைவிட அதிகம். போன எடையில் தசையும் சேர்ந்து போயிருக்கும், திரும்பி வந்ததில் பெரும்பாலும் கொழுப்பு என்றார்.

அன்று அவர் சொன்ன இன்னொன்றுதான் என்னை நிமிர்த்தியது. பழைய நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "நவம்பர்லயே நீங்க அஞ்சு சதவீதம் தாண்டிட்டீங்களேம்மா" என்றார். 78.4ல் ஐந்து சதவீதம் 3.9 கிலோ. அந்த அளவு குறைந்தாலே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இறங்க ஆரம்பிக்குமாம். என் சர்க்கரைச் சராசரி அந்த நவம்பரில் 5.8க்கு வந்திருந்தது. அந்தத் தாள் என் பையிலேயே இருந்திருக்கிறது, அதோடுதான் மையத்துக்குள் போயிருக்கிறேன். சர்க்கரையின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து நம் சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு நடத்திய ஆய்வையும் சொன்னார். 2006ல் வெளியானது. நடையும் உணவு மாற்றமும் மட்டும் கடைப்பிடித்தவர்களில், சர்க்கரை நோயாக மாறியது 28.5 சதவீதம் குறைந்திருக்கிறது. அவர்களுக்கு எடை பெரிதாக இறங்கவே இல்லை. முள் நின்ற அந்த ஐந்து வாரமும் நான் வீணாக நடக்கவில்லை என்று புரிந்தபோது டாக்டர் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

பணத்துக்கு வருகிறேன். பேக்கேஜில் மீதியை ரத்து செய்யச் சொன்னதும், பில்லின் அடியில் பொடி எழுத்தில் 'பணம் திருப்பித் தரப்பட மாட்டாது' என்று இருப்பதைக் காட்டினார்கள். அதைப் பார்த்துப் பலர் திரும்பிவிடுகிறோம். திரும்ப வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறைபாடுள்ள சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும், பில் தராததும் நியாயமற்ற வணிக முறை என்றே இருக்கிறது. உடல் பருமனைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தேன். இரண்டு வாரத்தில் மையத்திலிருந்து போன் வந்தது. 9,000 தருகிறோம், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்றார்கள். மறுத்துவிட்டு மாவட்ட ஆணையத்தில் தாக்கல் செய்தேன். நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமலே போடலாம். நாம் வசிக்கும் இடத்திலேயே போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். பில், கார்டு, டப்பா, வாட்ஸ்அப்பில் வந்த வாக்குறுதிகள், விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்ததுதான் எனக்குக் கை கொடுத்தது. தவணையை மட்டும் நிறுத்தவில்லை. நிதி நிறுவனத்துக்கு அது தனிக் கடன், நிறுத்தினால் கிரெடிட் ஸ்கோர் என் பெயரில்தான் கெடும்.

மே மாதத்திலிருந்து பழையபடி நடக்கிறோம். ஞாயிறு காலை ஒரு முறை மட்டும் எடை; நான்கு வாரச் சராசரியைத்தான் நோட்டில் எழுதுகிறேன். மாதவிலக்கு வரும் வாரத்திலும், கல்யாண விருந்துக்கு மறுநாளும் ஒரு கிலோ ஏறிக் காட்டும், அது உப்பும் தண்ணீரும் என்று இப்போது தெரியும். எடைக்குப் பக்கத்தில் இடுப்புச் சுற்றளவும் எழுதுகிறேன், நம் ஊர்ப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். எனக்கு இன்னும் 91. ஜூனில் 93 இருந்தது. முள் நின்ற வாரங்களில் அந்த டேப்தான் என்னை டவர் பார்க்குக்கு எழுப்பிக் கூட்டிப்போகிறது. அதோடு கீழ் வீட்டு அக்கா ஐந்தரைக்கு வந்து கேட்டைத் தட்டுவார், அதற்குமேல் படுத்திருக்க முடியாது.

இந்த மாதச் சராசரி 72.6. தவணை இன்னும் இரண்டு பாக்கி, செப்டம்பரும் அக்டோபரும். ஆணையத்தில் அடுத்த விசாரணைக்கு அந்தப் பொடி டப்பாவையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.